ஒரு பெட்டி, இரண்டு ஆயுள்

வால்வு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வயசானவர்களுக்கு, தாத்தா வீட்டு அலமாரியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த ரேடியோ. சுவிட்சைத் திருப்பினால் உடனே பேசாது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மினுங்கும். அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்க ஆரம்பிப்பார்.

அந்த வால்வு எப்போதோ செத்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாகவில்லை. செங்கல்பட்டில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிற எந்தப் பையனிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘வால்வு ஆம்ப்னா வால்வு ஆம்ப்தான் சார். அந்தக் கதகதப்பு வேற எதுலயும் வராது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தாங்கும் சக்திக்கு மேல் சிக்னலைக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் வெடுக்கென்று வெட்டும். வால்வு மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். அந்த வளைவில் பிறக்கிற கரகரப்புதான் ராக் இசையின் உயிர். ஆனால், வால்வு ஆம்ப் கனம், விலை அதிகம், ஒரு ஆம்புக்கு ஒரு குரல்தான். 1990-களின் பின்பாதியில் கம்ப்யூட்டர் சிப் வந்தது. மார்ஷல், ஃபெண்டர், வாக்ஸ் என்று பெயர்பெற்ற ஆம்ப்கள் எப்படி ஒலிக்குமோ அதைக் கணக்காக மாற்றி, ஒரே பெட்டிக்குள் போட்டார்கள். இதற்கு மாடலிங் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், மிமிக்ரி.

மிமிக்ரிக்கு மதிப்பு குறைவு என்பது வியாபாரிக்குத் தெரியாதா? எனவே, சிப்பையும் வால்வையும் ஒரே பெட்டியில் குடிவைத்தார்கள். 2001-ல் வாக்ஸ் கம்பெனியின் ‘வால்வ்ட்ரானிக்ஸ்’ வந்தது. 2008-ல் லைன் 6 கம்பெனி, போக்னர் என்ற பிரபல ஆம்ப் தயாரிப்பாளரோடு சேர்ந்து ‘ஸ்பைடர் வால்வ்’ கொண்டுவந்தது. இரண்டும் ஒரே ஜாதிப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவதில் ஸ்பீக்கரை ஓட்டுகிற பெரிய வேலையையே வால்வுகள் செய்தன. முதலாவதில் சுண்டுவிரல் அளவு 12ஏஎக்ஸ்7 வால்வு ஒன்று உள்ளே நின்று ஒலிக்குக் கொஞ்சம் குணம் கொடுக்கும். பாரம் சுமப்பதெல்லாம் டிரான்சிஸ்டர்தான். பெட்டியின் மேல் மட்டும் இரண்டுக்கும் ‘வால்வ்’ என்றே பெயர்.

என் கட்சி இதுதான். இந்த மாதிரிப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம், சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. வால்வு என்ற நல்ல பெயரைக் காட்டி, ரிப்பேர் செய்ய முடியாத ஒரு கம்ப்யூட்டரை நம் தலையில் கட்டுகிறார்கள்.

நான் படித்தது பி.காம். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்தச் சொத்து எத்தனை வருஷம் உழைக்கும் என்று பார்த்து, வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். நம் வருமான வரி விதிகளில் பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மானம் 15 சதவிகிதம். கம்ப்யூட்டருக்கு ஒரு காலத்தில் 60; 2017-18 நிதியாண்டிலிருந்து 40. அதாவது, கம்ப்யூட்டர் சீக்கிரம் குப்பைக்குப் போகும் என்பது சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது. இப்போது சொல்லுங்கள், பாதி இயந்திரமும் பாதி கம்ப்யூட்டருமாக இருக்கிற இந்தப் பெட்டிக்கு எந்தக் கணக்கு? பேரேட்டில் ஏதோ ஒரு வரியில் எழுதிவிடலாம். வாழ்க்கையில் அது இரண்டு ஆயுளோடு வருகிறது. எது முதலில் முடிகிறதோ, அதுதான் மொத்தப் பெட்டியின் ஆயுள்.

‘வால்வுதானே சார் முதலில் தேயும்?’ என்பீர்கள். தேயும். சூடேறி எரிகிற சாமான், தேயத்தான் செய்யும். ஆனால், அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்று செருகிக்கொள்ளலாம். 12ஏஎக்ஸ்7 என்பது 1940-களில் பிறந்த வால்வு. யார் செய்தாலும் அதே ஒன்பது ஊசிக்கால், அதே சாக்கெட். ரஷ்யாவில் செய்தது, ஸ்லோவாகியாவில் செய்தது, சீனாவில் செய்தது, எது கிடைக்கிறதோ அது. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகம் முழுக்க கிடாரிஸ்டுகள் பதறினார்கள், விலை எகிறியது. ஆனாலும், ரஷ்ய வால்வு இல்லாவிட்டால் ஸ்லோவாகிய வால்வு என்று காலம் தள்ள முடிந்தது. ஏன்? அளவு பொது, சாக்கெட் பொது. நம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்கூட 1961-லேயே வால்வு செய்ய ஆரம்பித்த கம்பெனிதான்.

சிப் இருக்கிற போர்டு அப்படி இல்லை. அந்தக் கம்பெனியின் அந்த மாடலுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பக்கத்து மாடலுக்குக்கூடப் பொருந்தாது. கம்பெனி அந்த மாடலை நிறுத்தி, மிச்சமிருக்கும் போர்டும் விற்றுத் தீர்ந்தால், கதை முடிந்தது. வால்வு நன்றாக இருக்கும், டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கும், ஸ்பீக்கர் நன்றாக இருக்கும். பெட்டி மட்டும் பிணம்.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த கிடாரிஸ்ட் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், சனிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆர். ரிசார்ட், முகூர்த்த மாசங்களில் கல்யாண மெல்லிசை. தவணையில் அப்படி ஒரு பெட்டி வாங்கினார். தவணை முடிந்த கொஞ்ச நாளில் பெட்டி ஊமையாகிவிட்டது. ரேடியோ காலத்திலிருந்து சாலிடரிங் பிடிக்கிற மெக்கானிக் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் வால்வைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி சிரித்தாராம். அடுத்து போர்டைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ‘இது நம்ம கைல இல்ல தம்பி. கம்பெனியக் கேளு.’ கம்பெனியைக் கேட்டால், ‘அந்த மாடல் நின்னுபோச்சு சார், புது மாடல் பாருங்களேன்’ என்று பதில். இன்று அந்தப் பெட்டி அவர் வீட்டில் துணி மடித்து வைக்க உதவுகிறது.

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உப்புக்காற்று. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் கட்டிய கருங்கல் கோயில். அந்தக் கல்லையே உப்பு அரிக்கிறது என்று, தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. காற்றைத் தடுக்கச் சவுக்குத்தோப்பு வளர்த்திருக்கிறது. கருங்கல்லுக்கே இந்தக் கதி என்றால், முடி கனத்தில் செப்புக்கோடு ஓடுகிற போர்டு என்ன பாடுபடும்? வால்வின் ஊசிக்கால் பச்சை பூத்தால் விஷயம் தெரிந்தவர் துடைத்துச் செருகிவிடுவார். சிப்பின் காலைத் துடைக்க யாரால் முடியும்?

‘எல்லா எலெக்ட்ரானிக் சாமானும் அப்படித்தானே, செல்போனை மட்டும் பேரனுக்கா எழுதிவைக்கிறோம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்போன் வாங்கும்போது அது நாலு வருஷ சமாசாரம் என்று நமக்குத் தெரியும். அதை யாரும் பரம்பரைச் சொத்து என்று சொல்லி விற்பதில்லை. வால்வு என்ற பெயரின் மதிப்பே அதன் தீர்க்காயுசில் இருக்கிறது. 1960-களில் செய்த ஃபெண்டரும் வாக்ஸும் இன்றைக்கும் மேடையில் பாடுகின்றன. தாத்தாவின் ஆயுளைச் சொல்லிக் காசு வாங்கிவிட்டு, பேரனின் ஆயுளைக் கட்டிக் கொடுப்பது என்ன வியாபாரம்?

சத்தம் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. நன்றாகவே இருக்கிறது. ஒரே பெட்டியில் பத்து ஆம்பின் குரல் என்பது பஸ்ஸில் போய் வாசிக்கிறவனுக்கு வரப்பிரசாதம். ஆனால், கேட்கிறவனுக்கு உள்ளே எரிவது வால்வா, சிப்பா என்று எந்தக் கவலையும் கிடையாது. மேண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மேண்டலினோடு சபா மேடை ஏறியபோது ரசிகர்கள் அவர் விரல்களைத்தான் பார்த்தார்கள். ஆம்பைத் திறந்து காட்டு என்று யாரும் கேட்டதாக நான் அறியேன். 2013-ல் கோவளத்தில் அலைச்சறுக்கும் இசையுமாக விழா ஆரம்பித்தபோது மணலில் உட்கார்ந்து கேட்டவர்களும் அப்படித்தான். வால்வு ஸ்டிக்கர் ரசிகனுக்காக ஒட்டப்படுவதில்லை. வாங்குகிறவனின் ஆசைக்காக ஒட்டப்படுகிறது.

சர்க்கார் என்ன செய்கிறது? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன் - டேப்லெட், வீட்டு உபயோகச் சாமான்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால், அந்தப் பட்டியலில் வாத்தியக்காரனின் கருவிக்கென்று தனி இடம் இல்லை. டிராக்டர் விவசாயிக்குச் சோறு போடுகிறது என்றால், ஆம்ப் கிடாரிஸ்டுக்குச் சோறு போடுகிறது. சேர்க்க வேண்டும். மாடலை நிறுத்தினாலும் பத்து வருஷத்துக்கு போர்டு கொடுக்க வேண்டும். சர்க்யூட் வரைபடத்தை மெக்கானிக்குகளுக்குத் திறந்துவிட வேண்டும். இந்த இரண்டைச் சட்டமாக்கினால் போதும்.

சட்டம் வரும்வரை? கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். வால்வு உள்ளே என்ன வேலை செய்கிறது? போர்டு போனால் யார் தருவார், எத்தனை வருஷம்? சர்க்யூட் வரைபடம் கிடைக்குமா? கடைக்காரர் தலையைச் சொறிந்தால் நடையைக் கட்டுங்கள்.

வால்வும் வேண்டும், மிமிக்ரியும் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சின்னதாக ஒரு முழு வால்வு ஆம்ப் வாங்குங்கள். மாடலிங் வேலைக்குத் தனியாக, காலால் மிதிக்கிற டிஜிட்டல் பெட்டி ஒன்று. நடுவே ஒரு வயர். நாளைக்கு சிப் செத்தால் மிதிபெட்டியை மட்டும் தூக்கிப் போடலாம். சனிக்கிழமை கச்சேரிக்கு ஆம்ப் உயிரோடு இருக்கும். அந்த ராத்திரிக் கூலியும் கைக்கு வந்துசேரும்.