மனச்சிதைவு சிகிச்சையில் புகைப்பழக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாமா?

புதுடெல்லி: மனச்சிதைவு நோயாளிகளிடையே புகைப்பழக்கம் அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. 'அதுவாவது ஆறுதலாக இருக்கட்டும்' என்று குடும்பத்தினர் தடுக்காமல் விடுவதுண்டு. ஆனால், கடும் மனநோய் உள்ளோர் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இதய நோய் உள்ளிட்ட உடல் நோய்களே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பீடி, சிகரெட் புகை, குளோசபின், ஓலன்சபின் ஆகிய மருந்துகளைக் கல்லீரல் விரைந்து சிதைக்கும்படி செய்கிறது. இதனால் புகைப்போருக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். அவர்கள் திடீரெனப் புகைப்பதை நிறுத்தினால், ரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்து பக்கவிளைவுகள் கடுமையாகலாம்.

எனவே, புகையைக் கைவிடும் முயற்சி மருத்துவரின் கண்காணிப்பிலேயே நடக்க வேண்டும். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமான சிகிச்சையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. புகைப்பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சையும் அதில் இடம்பெறுவதே நியாயம்.