பழைய காருக்கும் நியாயமான மதிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு,

பழைய கார்கள் பற்றிய தங்கள் கட்டுரை அருமை. ஆனால் காப்பீட்டுத் தொல்லையைத் தொடவே இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றை ஆசையாகப் பராமரித்து வருகிறேன். கல்யாண மண்டப வாசலில் நிறுத்தியிருந்தபோது யாரோ ரிவர்ஸில் இடித்து, மட்கார்டை நசுக்கிவிட்டுப் போய்விட்டார். புதுப் பாகம் கடையில் கிடைக்காது. தகட்டைக் கையால் தட்டித்தான் உருவாக்க வேண்டும். பத்தாண்டு கடந்த வண்டி என்பதால் காப்பீட்டு நிறுவனத்தார் உலோகப் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்தார்கள். டிங்கரிங் கூலியையும் குறைத்துவிட்டார்கள்.

ஐந்தாண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யலாம் என்பது விதி. எனக்கோ கணினி காட்டிய சொற்பத் தொகைதான் கிடைத்தது. 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வகுத்த மத்திய அரசு, அவற்றுக்குத் தகுதியான மதிப்பீட்டாளர் தரும் சான்றைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கவும் உத்தரவிட வேண்டும்.

— வாசகர், கோவை