முதலில் கழிப்பறையைக் கீறுவோம்



சென்ற மாதம் நம் பிள்ளைகள் விளையாடும் கிரிக்கெட் கழகத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மைதானத்தின் ஓரத்தில் துருப்பிடித்து நிற்கும் கன்டெய்னருக்குப் பதிலாக ஒரு கட்டடம் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். ஒரு அண்ணா 200 பேர் இருக்கக்கூடிய மண்டபத்தைக் கீறிக்கொண்டு வந்திருந்தார். பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றார். மேடை, விளக்கு, கார் தரிப்பிடம் என்று கதை நீண்டது.

அப்போது ஒரு அம்மா எழுந்தார். "என்ர மகள் மட்ச் நாளில காலையில இருந்து தண்ணி குடிக்கிறதில்லை. குடிச்சா ரொய்லட் போக இடமில்லையே" என்றார். சற்று நேரம் யாரும் கதைக்கவில்லை.

தாதியாக வேலை செய்யும் எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. வெயிலில் மணிக்கணக்காக நிற்கும் பிள்ளை தண்ணீரைத் தவிர்த்தால் தலைவலியும் மயக்கமும் வரும். சிறுநீரை அடக்கி வைப்பதும் நல்லதல்ல. கடைசியில் பிள்ளை விளையாட்டையே விட்டுவிடும். நாமோ "அவளுக்கு ஆர்வம் குறைஞ்சிட்டுது" என்று சொல்லிவிடுவோம்.

அந்தப் பிள்ளையை மனதில் வைத்து, நம் கைக்கு அடக்கமான ஒரு கட்டடத்தை யோசிப்போம்.

கீறுவதற்கு முன் ஒரு வார அட்டவணை போடுங்கள். எந்த நாள், எந்த மணி, யார், எத்தனை பேர்? வழமையான வாரத்தில் கூட்டம் அதிகமான மணிநேரம் எதுவோ, அதற்கு ஏற்ற அளவு போதும். வருடத்தில் இரண்டு விழாக்களுக்காகப் பெரிய மண்டபம் கட்டினால், அதைச் சூடாக்கும் செலவு ஒவ்வொரு குளிர்காலமும் வரும்.

உடை மாற்றும் அறை இரண்டு போதும். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் தனிக் கழிப்பறையும், கதவு பூட்டக்கூடிய தனித்தனிக் குளியல் அடைப்புகளும் வேண்டும். அப்படியானால் காலையில் ஆண்கள் அணி பாவித்த அறையை மாலையில் பெண்கள் அணி பாவிக்கலாம். பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உடை மாற்றாதபடி நேரம் பிரித்துக் கொடுங்கள்.

சக்கர நாற்காலிக்கான கழிப்பறை இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டலின்படி குறைந்தது 1.5 மீட்டருக்கு 2.2 மீட்டர் இருக்க வேண்டும். பல இடங்களில் அதற்குள் வாளியும் துடைப்பமும்தான் குடியிருக்கின்றன! அவற்றுக்கு ஒரு சிறிய அலுமாரி கீறுங்கள். ஒரு கழிப்பறைக்காவது வெளியிலிருந்து வாசல் வையுங்கள். மண்டபம் பூட்டியிருந்தாலும் பயிற்சிக்கு வரும் பிள்ளை போகலாம்.

நடு அறை ஒன்றுதான். தேநீர், கூட்டம், வீட்டுப்பாடம், முதியோரின் உடற்பயிற்சி எல்லாம் அங்கேயே. அதற்கு மடிக்கும் மேசைகள் வேண்டும். அவற்றையும் கதிரைகளையும் அடுக்க ஒரு களஞ்சிய அறையும் வேண்டும். அது இல்லாவிட்டால் அறையின் பாதியைக் கதிரைகளே பிடித்துக்கொள்ளும். மைதானத்தைப் பார்த்தபடி கூரையுள்ள ஒரு விறாந்தை இருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் உதவும். பக்கச் சுவர் ஒன்றில் குழாய் எதுவும் போகாமல் விடுங்கள். நாளைக்குப் பணம் சேர்ந்தால் அந்தப் பக்கம் நீட்டலாம்.

இரண்டு விஷயங்களை என் தொழில் சொல்லவைக்கிறது. பாவிக்காத குளியல் குழாய்களில் தேங்கும் நீரில் லீஜியனெல்லா கிருமி வளரும். சுடுநீர்த் தொட்டி 60 பாகை செல்சியஸில் இருக்கட்டும். குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை குழாய்களைத் திறந்து ஓடவிடுங்கள். அதை யார் செய்வார் என்று இப்போதே பெயர் எழுதுங்கள்.

மற்றது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. 2012 மார்ச் 17 அன்று லண்டன் மைதானத்தில் விழுந்த கால்பந்து வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் நின்றிருந்தும் அவர் பிழைத்தார். அவர் அருகில் மருத்துவர்கள் இருந்தார்கள். நம் மைதானத்தில் இருப்பது நாம்தான். கருவியை வெளிச்சுவரில், எவரும் எடுக்கக்கூடியதாக வைத்து, 'தி சர்க்யூட்' தேசியப் பதிவில் சேருங்கள். அம்புலன்ஸ் உள்ளே வரும் கேற்றின் சாவி யாரிடம் என்பதும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

அன்று கூட்டம் முடியும்போது அந்த அண்ணா தன் தாளைத் திருப்பிப் போட்டு, "அப்ப முதல்ல ரொய்லட்டைக் கீறுவம்" என்றார்.

உங்கள் கழகத்திலும் வராமல் நின்றுவிட்ட ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரிடம் ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா