வெயிலும் வியாபாரியின் நிதானமும்



சித்திரை பிறந்தால் வெல்லம் கசியும், மாவில் வண்டு விழும். இவற்றுக்கெல்லாம் நாம் வழி வைத்திருக்கிறோம். ஆனால் கோடையில் எல்லாவற்றுக்கும் முன்னால் கெட்டுப்போகும் சரக்கு ஒன்று உண்டு. அது கல்லாவில் இருப்பவரின் நிதானம். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சென்ற கோடையில் ஒரு நாள், பிற்பகல் 3 மணி. கரண்ட் இல்லை. இருபது ஆண்டுகளாக நம்மிடம் பற்று வைத்து வாங்கும் ஓர் அம்மாள் வந்து, "கணக்கில் நாற்பது ரூபாய் கூட இருக்கிறதே, அண்ணாச்சி" என்றார். "கணக்குத் தெரியாமலா கடை வைத்திருக்கிறேன்?" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். இரவு நோட்டைப் புரட்டினால் தவறு என்னுடையது. மறுநாள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் அவர் கடைக்கு வருகிறார். ஆனால் பற்று நோட்டை முடித்துக்கொண்டார். ரொக்கம் கொடுத்தே வாங்குகிறார். அன்று காலையிலிருந்து நான் குடித்தது இரண்டு காபி. தண்ணீர் ஒரு டம்ளர்கூட இல்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த ஆத்திரத்தில் பாதி உடம்பிலிருந்து வருகிறது. வியர்வையோடு நீரும் உப்பும் போய்விட்டால் தலை வலிக்கும், சோர்வு வரும், சொல் தடிக்கும். இரவுப் புழுக்கத்தில் தூக்கமும் கெட்டால் கேட்கவே வேண்டாம். உபதேசத்தால் மட்டும் பொறுமை வராது.

வெயில் தணியும் என்று காத்திருக்கவும் முடியாது. பதிவான ஆண்டுகளிலேயே உலகம் மிக வெப்பமாக இருந்தது 2024. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆகவே நாம்தான் மாற வேண்டும்.

கல்லாவுக்குக் கை எட்டும் தூரத்தில் பானை இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். கடைப் பையனுக்கும் கொடுங்கள். அவன் உட்கார இருக்கை வேண்டும் என்பது 2021-இல் சட்டமாகவே வந்துவிட்டது. கணக்குத் தகராறை மதியத்தில் பேசாதீர்கள். சீட்டில் குறித்து வைத்து மாலையில் பாருங்கள்.

லோடு இறக்குவதைக் காலை 10 மணிக்குள் முடியுங்கள், இல்லையேல் மாலைக்குத் தள்ளுங்கள். தகரக் கொட்டகைக் குடோனில் மூட்டை தூக்குபவர் உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெறும் மயக்கம் அல்ல, உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கினி நட்சத்திர நாட்களிலாவது மதியம் 1 மணி முதல் 4 மணி வரை கடையடைத்து, இரவில் கூடுதலாகத் திறக்கலாம். "நான் அடைத்தால் பக்கத்துக் கடைக்காரர் வியாபாரத்தைப் பிடித்துக்கொள்வாரே" என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். நியாயமான பயம். எனவேதான் இதைத் தனியொருவர் செய்ய முடியாது. கடைவீதி முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும். சங்கம் பொதுக்குழுவில் வைத்து முடிவெடுக்க வேண்டுகிறேன்.

குளிர்சாதனம் போட்ட பெரிய கடைகள் மதியத்திலும் திறந்திருக்கும், உண்மை. ஆனால் அவர்களிடம் இல்லாத முதல் ஒன்று நம்மிடம் உண்டு. அது முகம் பார்த்துப் பேசும் இரண்டு நல்ல வார்த்தை. மூன்று மணி நேர வியாபாரத்துக்காக அந்த முதலைக் கரைத்துவிட வேண்டாம்.