கரும்புக்குள் ஓர் உரத் தொழிற்சாலை

பெட்ரோலில் 20 சதவிகித எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-ல் எட்டிவிட்டது. அந்த எரிசாராயத்தில் கோலாப்பூர், சாங்லி கரும்புக்கும் பங்குண்டு. அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறது சர்க்கார். கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. கரும்புக்கு யூரியா வேண்டும்; யூரியாவுக்கு எரிவாயு வேண்டும்; அந்த வாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது.

பிரேசில் 1975-ல் கரும்புச் சாராயத் திட்டம் தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. அங்கே குடியேறிய செக்கோஸ்லோவாகியப் பெண் விஞ்ஞானி யோஹன்னா டோபெரைனர் விடையைச் செடிக்குள்ளேயே தேடினார். தழைச்சத்து உரம் குறைவாகவே போட்டும் அங்கே கரும்பு ஆண்டுக்கணக்கில் எப்படி விளைகிறது? கரும்பின் வேரிலும் தண்டிலும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவை அவரும் சக விஞ்ஞானி ஒருவரும் 1988-ல் அறிவித்தனர். குளுக்கோனசெட்டோபாக்டர் என்பது அதன் இன்றைய பெயர். கரும்பின் சர்க்கரையை உண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தருகிறது. வேரைப் பெருக்கும் ஆக்சின், தண்டை நீட்டும் ஜிப்பெரெலின் ஆகிய வளர்ச்சிப் பொருள்களையும் சுரக்கிறது. குடியிருப்பவன் கொடுக்கும் வாடகை என்று வைத்துக்கொள்ளலாம்.

இது நமக்குப் புதிதல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதையே கரும்புக்கு உயிர் உரமாகப் பரிந்துரைக்கிறது. பிறகு ஏன் பரவவில்லை?

யூரியா மலிவு என்பதே முதற்காரணம். 45 கிலோ மூட்டை உழவருக்கு 300 ரூபாய்க்கும் குறைவு. மிச்ச விலையைக் கஜானா கொடுக்கிறது. உக்ரைன் போரால் வாயு விலை ஏறிய 2022-23-ல் உர மானியம் மொத்தம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அது நம் வரிப்பணமும்தான். இதில் விநோதம் ஒன்று உண்டு. யூரியாவை அள்ளிப் போட்ட கரும்பில் இந்தப் பாக்டீரியா குறைந்துபோவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மலிவு உரம், இலவச உரத்தை விரட்டுகிறது!

யூரியாவை அடியோடு நிறுத்தலாம் என்பது பேராசை. ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் பலன் மாறுகிறது. ஆனால் ஓரளவு குறைக்க முடிந்தாலும் லாபம் பெரிது.

அதற்குப் பொட்டலத்தில் உயிர் இருக்க வேண்டும். பொடி வடிவ உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் அவ்வளவு மிஞ்சாது. அதை வாங்கிப் போட்டு ஏமாந்த உழவர், அடுத்த பட்டத்தில் யூரியா மூட்டை இரண்டு கூடுதலாகவே வாங்குவார். எத்தனாலுக்கு இலக்கும் தேதியும் வைத்த சர்க்கார், கடையில் விற்கும் பொட்டலத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடமும் ஆளும் எத்தனை மாவட்டங்களில் வைக்கப்போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.