முதுகில் ஒரு தகடு, அதற்கு எதுக்கு இத்தனை காசு?

"உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல காசு பார்க்காதீங்க." டைவிங் சாமான் விற்கும் இடங்களில் எதைக் கையில் எடுத்தாலும் கடைசியில் இந்த வசனம் வந்து விழும். ரெகுலேட்டரைக் காட்டி இதைச் சொன்னால் நானும் தலையாட்டுவேன். பேக்பிளேட்டைக் காட்டியும் இதையே சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கடுப்பாகிறது. எங்க செட்டில் ரெண்டு பேர் சொந்தமாகச் சாமான் வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் வருமானம் பூஜ்யம், வீட்டில் வாங்கின காசு. விலை கூடின பிளேட்தான் பத்திரம் என்று இப்போதே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் புலம்பல்.

ஸ்கூபா பக்கமே போகாதவர்களுக்காக ஒரு பத்தி. பேக்பிளேட் என்பது முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு தகடு. சுமார் 40 செ.மீ. உயரம், நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, அங்கங்கே ஓட்டைகள். ஓட்டைகளில் 2 அங்குல நைலான் பட்டையைக் கோர்த்தால் ஹார்னஸ் தயார். தகட்டுக்குப் பின்னால் காற்று ஊதி மிதக்க வைக்கும் விங், அதற்கும் பின்னால் சிலிண்டர். சாதாரணமாகப் பார்க்கிற ஜாக்கெட் மாதிரி பி.சி.டி.யில் இது எல்லாம் ஒன்றாகத் தைத்து வரும். இதில் ஒவ்வொன்றும் தனித்தனி. அம்புட்டுதான்.

இது பிறந்தது ஆடம்பரக் கப்பல்களில் இல்லை. வடக்கு ஃப்ளோரிடாவில், தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் இறங்கிய ஆட்களிடம். 1979-ல் கிரெக் ஃப்ளானகன் அந்தக் குகை டைவர்களுக்காக இதை உருவாக்கினார். வில்லியம் ஹோகார்த் மெயின் அதைச் செதுக்கி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே பட்டை, ஒரே பக்கிள், தேவையில்லாத ஒரு வளையம்கூட உடம்பில் தொங்கக் கூடாது என்கிற அந்த ஒழுங்குக்கு ஹோகார்த்தியன் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. எதை எல்லாம் கழற்றி எறியலாம் என்று யோசித்தவர்களின் சாமான் இது. அதன் மேல் பேட் ஒட்டி, லோகோ வெட்டி, பளபள பாலிஷ் போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்தால் சிரிப்பு வராதா?

சரி, அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது? முதலில் பலம் என்பார்கள். 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு அது. அதில் தொங்குவது நிரப்பினால் 17 கிலோ சொச்சம் வரும் ஒரு அலுமினியச் சிலிண்டர். அந்தச் சுமைகூட படகில் நிற்கும்போது மட்டும்தான், தண்ணீருக்குள் போனால் சிலிண்டரின் எடை ஒரு கிலோகூட நிற்காது. நகரும் பாகம் கிடையாது, ஸ்ப்ரிங் கிடையாது, வால்வு கிடையாது, ஓ-ரிங் கிடையாது. உடைவதற்கு அதில் என்ன இருக்கிறது? மலிவுத் தகடும் உடையாது, விலையுயர்ந்த தகடும் உடையாது. உடையாத ஒன்றை விட இன்னும் அதிகமாக உடையாத ஒன்றுக்கு எதற்குப் பணம்?

அடுத்தது துரு. இங்கே விற்பனையாளர் 304, 316 என்று எண்களை எடுத்து விடுவார். இரண்டும் நம் எவர்சில்வர் குடும்பம்தான். 304 என்பது கிச்சன் சிங்க்கில் இருப்பது. 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், அதனால் கடல் உப்பு துளைப்பதை நன்றாகத் தாங்கும். இது உண்மை, மறுக்கவில்லை. வருடம் முழுக்கக் கடலில் கிடக்கிற படகுப் பாகத்துக்கு அந்த மாலிப்டினம் அவசியம். உங்கள் பிளேட் ஒரு மணி நேரம் கடலில் இருக்கும், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசப்பட்டு நிழலில் காயும். 304-ல் பழுப்பாகக் கொஞ்சம் கறை படியலாம், தேய்த்தால் போய்விடும். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டினால் மட்டமான ஸ்டீல் என்று சொல்லும் ஒரு கோஷ்டியும் உண்டு. 304-ஐ மடித்தால் மடித்த இடத்தில் லேசாகக் காந்தம் ஒட்டும், அது அந்த உலோகத்தின் குணம். நிக்கல் குறைத்துச் செய்யும் மலிவான 200 வரிசை ஸ்டீலிலோ மடிக்காத இடத்தில் காந்தம் ஒட்டாது. ஆக அந்தச் சோதனை நல்லதைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் காட்டும்!

உண்மையில் யோசிக்க வேண்டிய விஷயம் எடை. அதை விலைச்சீட்டு சொல்லவே சொல்லாது.

ஒரு ஸ்டீல் பிளேட் சுமார் 2.5 கிலோ. தான் இடம்பெயர்க்கும் கடல் நீரைக் கழித்தால் தண்ணீருக்குள் 2.2 கிலோ அளவுக்கு உங்களைக் கீழே இழுக்கும். அதே அளவு அலுமினியப் பிளேட் 0.9 கிலோ, தண்ணீருக்குள் அரைக் கிலோ சொச்சம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, ஆனால் நீருக்குள் நீங்கள் வேறு ஆள். குளிர் நாடுகளில் டிரைசூட் போட்டு இடுப்பில் 10 கிலோ ஈயம் கட்டுகிறவனுக்கு ஸ்டீல் வரப்பிரசாதம். அதில் 2 கிலோவை முதுகுக்கு மாற்றிவிடலாம், உடம்பும் மட்டமாக நிற்கும். அவன் எழுதின பரிந்துரையைப் படித்துவிட்டு அந்தமானிலோ மாலத்தீவிலோ 28 டிகிரித் தண்ணீரில் இறங்குகிற நாமும் ஸ்டீல் வாங்கினால்?

கணக்குப் போடுங்கள். 3 மி.மீ. வெட்சூட், ஜாக்கெட், 4 கிலோ ஈயம் என்று டைவ் செய்கிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கெட்டின் பஞ்சும் துணியும் மிதப்பவை, அது ஒரு கிலோ என்றால் அது போச்சு. ஸ்டீல் தகட்டின் 2.2 கிலோவும் சேர, மீதி ஈயம் ஒரு கிலோகூடத் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் கழற்றிப் போடுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? பெல்ட்டில் உள்ள ஈயத்தை ஒரு இழுப்பில் விடலாம். பட்டை போட்டுக் கட்டிய தகட்டை விட முடியாது. இதே ஆள் ஸ்டீல் சிலிண்டர் கொடுக்கும் இடத்துக்குப் போய், வெட்சூட்டும் இல்லாமல் இறங்கினால், ஈயமே இல்லாமல் தேவைக்கு மேல் கனமாக இருப்பார். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் காற்று மட்டும் 2.6 கிலோ வரும், ஆரம்பத்தில் அதுவும் முதுகில். விங் பழுதானால் அத்தனையையும் துடுப்பு உதைத்தே மேலே கொண்டுவர வேண்டும். வெந்நீர்க் கடலில் அலுமினியச் சிலிண்டரோடு டைவ் செய்பவருக்கு அலுமினியப் பிளேட்டும், கழற்றக்கூடிய கொஞ்சம் ஈயமும்தான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. டைவ் முடிவில் 50 பார் மீதம் வைத்து, 5 மீட்டரில், விங்கில் காற்றே இல்லாமல் நின்று பாருங்கள். எத்தனை ஈயம் வேண்டும் என்பதை அந்த மூன்று நிமிடம் சொல்லிவிடும்.

கார்பன் ஃபைபர் பிளேட் என்று ஒன்று விற்கிறார்கள். ஸ்டீலைப் போல் பல மடங்கு விலை. தண்ணீருக்குள் கிட்டத்தட்ட எடையே இல்லை. எடையில்லாத தகட்டுக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு, மூழ்குவதற்காக ஈயம் கட்டிக்கொள்ள வேண்டும் :-) விமானத்தில் 15 கிலோ லக்கேஜுக்குள் அடக்க லேசாக இருக்கும் என்பது வாதம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாவது அரைக் கிலோ அளவு. ஒரு ஜீன்ஸை வீட்டில் விட்டுப் போனால் முடிந்தது கதை.

மலிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று சொல்ல வரவில்லை. விரலை ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் ஓட்டிப் பாருங்கள். கூராக இருந்தால் அது நாள்பட நைலான் பட்டையை அறுக்கும், இது ஒன்றுதான் மட்டமான தயாரிப்பில் நிஜமான ஆபத்து. அதற்கும் வைத்தியம் ஒரு அரமும் உப்புத்தாளும். நடு வரிசையில் போல்ட் போடும் இரண்டு ஓட்டைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் 11 அங்குலம், அதாவது 28 செ.மீ. இருக்க வேண்டும். இரட்டைச் சிலிண்டர் பேண்டுகளும் பெரும்பாலான விங்குகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அப்புறம் உங்கள் முதுகு. குள்ளமானவர்களுக்கு முழு நீளத் தகடு இடுப்பில் இடிக்கும், அவர்களுக்குச் சின்ன அளவு தேவை. இது விலை சம்பந்தப்பட்டதே இல்லை, சட்டை அளவு மாதிரி. அலுமினியம் வாங்கினால் ஸ்டீல் போல்ட் தொடும் இடங்களை மறக்காமல் அலசுங்கள், உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும்.

"நல்ல கம்பெனி, வாரன்டி உண்டு" என்பார்கள். மடித்த தகட்டுக்கு என்ன வாரன்டி, மடிப்பு நிமிர்ந்துவிடுமா? "மறுபடி விற்றால் விலை போகும்" என்பார்கள். போகும்தான். அப்படியென்றால் ஏற்கெனவே விற்பனைக்கு வந்த பழையதை நான் வாங்கிக்கொள்கிறேனே! விலை அதிகம் இருப்பதற்கு ஒரு நேர்மையான காரணமும் இருக்கிறது. கூலி அதிகமுள்ள நாட்டில், சின்னப் பட்டறையில், நல்ல சம்பளம் வாங்கும் ஆள் செய்தது என்றால் விலை கூடும். அந்தப் பட்டறை பிழைக்கட்டும் என்று கொடுப்பவர் தாராளமாகக் கொடுக்கலாம், எனக்கு மரியாதைதான். ஆனால் அதற்கு உயிர்பயம் காட்டாதீர்கள்.

உயிர் எங்கே தொங்குகிறது என்றால், ரெகுலேட்டரில். அது வருடாவருடம் சர்வீஸ் கேட்கும். விங்கின் இன்ஃப்ளேட்டர் வால்வில், அது மண் புகுந்து சிக்கினால் தானாகவே ஊத ஆரம்பிக்கும். தகட்டில் மிச்சம் பிடிக்கிற காசு போக வேண்டிய இடங்கள் இவை. மாணவர்கள் செய்வதோ தலைகீழ். லோகோ போட்ட தகட்டை வாங்கிவிட்டு, ரெகுலேட்டர் சர்வீஸை "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள்.

அந்த ரெண்டு பேருக்கும் நான் சொன்னது இதுதான்: பழைய அலுமினியத் தகடு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். கீறல் இருந்தால் இருக்கட்டும். மேசை மேல் வைத்துக் கோணலாக ஆடுகிறதா என்று பாருங்கள், ஓட்டைகளைத் தடவிப் பாருங்கள். அதோடு வரும் பழைய பட்டையை மட்டும் தயங்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக நாலு மீட்டர் வாங்கிக் கோருங்கள், இடுப்பிலிருந்து கால் நடுவே வரும் பட்டைக்கும் சேர்த்து. தோள்பட்டையில் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக விடுங்கள், இறுக்கிக் கட்டினால் படகில் கழற்றவே இன்னொரு ஆள் வேண்டியிருக்கும்.