கடலோரக் கொண்டோவில் குடும்ப விடுமுறை: சாவி உண்டு, அனுமதி உண்டா?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் ஊர்ந்து செல்லும் வாகனங்களில் நம்மவர்களின் வாகனங்களை எளிதாக அடையாளம் காணலாம். பின்பக்கத்தில் அரிசி, பெரிய குண்டான், மசாலா தடவிய கோழி வைத்த ஐஸ் பெட்டி, பாட்டியின் மடியில் ஊறுகாய்ப் போத்தல். ஹோட்டலுக்குப் போகிறவர்கள் குண்டான் எடுத்துப் போவதில்லை. இவர்கள் போவது இரண்டு மூன்று படுக்கையறை கொண்ட கடலோரக் கொண்டோமினிய வீட்டுக்கு.

காரணம் கணக்குதான். தாத்தா பாட்டி, அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம் என்று பத்துப் பேர் சேர்ந்து ஹோட்டலில் தங்கினால் நான்கு அறை வேண்டும். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட வேண்டும். கொண்டோவில் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அடுப்பு இருக்கிறது. முட்டி வலி உள்ள பெரியவர்கள் பால்கனியில் உட்கார்ந்தே கடலைப் பார்க்கலாம்.

போர்ட்டிக்சன் நமக்குப் புதிய இடமும் இல்லை. சிரம்பானிலிருந்து அங்கு இரயில் பாதை திறக்கப்பட்டது 1891-இல். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். கடல் பார்க்க வேண்டுமென்றால் லாரியில் ஏறி, கட்டுச்சோற்றோடு தெலுக் கெமாங் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பியதுதான் தோட்டத்து மக்களின் உல்லாசப் பயணம். அந்தப் பேரப்பிள்ளைகள் இன்று பன்னிரண்டாவது மாடியில் இரண்டு இரவு தங்குகிறார்கள். சிறிய மாற்றமல்ல இது. அதனால்தான் காவல் சாவடியில் நேரும் அவமானமும் சிறியதாகப் படுவதில்லை.

அந்தக் காட்சி இப்படித்தான் தொடங்கும். பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரர் புலனத்தில் எண் பூட்டின் குறியீட்டை அனுப்பியிருப்பார். கூடவே ஒரு குறிப்பும் வரும்: “காவலர் கேட்டால் உறவினர் வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொல்லுங்கள்.” இந்த ஒரு வரியிலேயே விஷயம் புரிந்துவிட வேண்டும். கட்டடத்தின் நிர்வாகம் இதற்கு அனுமதி தரவில்லை. பிள்ளைகளின் முன்னால் பெரியவர்கள் பொய் சொல்ல வேண்டும். சொல்லியும் காவலர் தடுத்தால் மூன்று கார்களும் சாலையோரத்தில் நிற்க வேண்டும்.

பலர் நினைப்பது போல், வீட்டுக்காரரின் சம்மதம் மட்டும் இதற்குப் போதாது. 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி, அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் கழகம் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிக் கூடுதல் துணை விதிகளை இயற்றலாம். அதற்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை. குறுகிய கால வாடகையை இப்படித் தடை செய்யலாமா என்ற கேள்வி மோன்ட் கியாராவில் உள்ள வெர்வ் சுவிட்ஸ் குடியிருப்பு தொடர்பான வழக்கில் எழுந்து, கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. தடை செய்யலாம் என்று 2020-இல் தீர்ப்பு வந்தது.

வாடகைக்கு விடுவது உரிமையாளரின் உரிமை என்பதே வீட்டுக்காரர்கள் தரப்பு வாதம். ஓரிரு நாள் தங்குபவர் குத்தகைதாரர் அல்லர், அனுமதியின் பேரில் தங்குபவர் மட்டுமே என்று நீதிமன்றம் கூறியது. தமிழில் இதற்கு விருந்தினர் என்ற சொல்லே பொருந்தும். ‘விருந்து’ என்றால் பழந்தமிழில் புதுமை என்று பொருள். வாசலுக்குப் புதிதாக வந்தவரே விருந்தினர். சட்டத்தின் பார்வையிலும் நம் குடும்பம் அந்தக் கட்டடத்துக்குப் புதியவர்தான். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் குத்தகைதாரரைப் போல எதிர்த்து நிற்க முடியாது.

தீர்ப்பைக் குறை சொல்வதற்கில்லை. அந்த மாடிகளில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நள்ளிரவில் கரோக்கே, மின்தூக்கியில் ஈர மணல், பொரித்த மீனின் எண்ணெய் ஊற்றி அடைத்துக்கொண்ட குழாய் என்று வாரம் ஒரு புதுக் கூட்டம் வந்தால் யார்தான் பொறுப்பார்கள்? எட்டுப் பேருக்கு என்று சொல்லிவிட்டு பதினெட்டுப் பேர் போவது நம்மிடமும் உண்டு. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. நீச்சல் குளத்தில் டி-சட்டையோடும் காற்சட்டையோடும் இறங்கக் கூடாது என்ற விதியை இனப் பாகுபாடு என்று எடுத்துக்கொண்டு மனம் புண்படுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் ஒரு குடும்பத்தை மட்டும் வெளியேறச் சொல்லிவிட்டு, அதே உடையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தைக் காவலர் விட்டுவைத்தால் அது வேறு கதை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டிய கதை.

கோளாறு வேறொரு இடத்தில் இருக்கிறது. விதியை மீறுவது வீட்டுக்காரர். துணை விதியின்படி அபராதமும் அவருக்குத்தான். ஆனால் வாசலில் நிற்பது அந்த விதியைப் பார்த்தே இராத குடும்பம். பினாங்கு மாநிலம் 2023-இல் இதற்கு வழிகாட்டி கொண்டுவந்தது. சாதாரணக் குடியிருப்புக் கட்டடங்களில் குறுகிய கால வாடகைக்கு இடமில்லை, வணிக வகைக் கட்டடங்களில் நிபந்தனைகளோடு நடத்தலாம் என்பது அதன் சாரம். பத்து ஃபெரிங்கிக்கோ தஞ்சோங் பூங்காவுக்கோ போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எந்த மாநிலமானாலும், நிர்வாகத்தின் அனுமதி உண்டா இல்லையா என்பதை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினால் பாதிச் சண்டை குறையும்.

அதுவரை, முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்கலாம்: இந்தக் கட்டடத்தில் நாள் வாடகைக்கு அனுமதி உண்டா, எங்கள் பெயர்கள் காவல் சாவடியில் பதிவாகுமா, எத்தனை பேர் வரலாம், எத்தனை கார் நிறுத்தலாம்? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். மழுப்பினால் வேறு வீடு பார்ப்பது நல்லது. கட்டட நிர்வாக அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். சிங்கப்பூர் உறவுகளும் சேர்ந்து வந்தால் சுற்றுலா வரியையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்ற அந்த வரி வெளிநாட்டவருக்கு மட்டுமே. மலேசியர்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை.

வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, பணமும் திரும்பக் கிடைக்காதவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பணம் செலுத்திய ரசீதையும், “உறவினர் என்று சொல்லுங்கள்” என்ற அந்தப் புலனச் செய்தியையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.